கள்ளும் குடிக்கவில்லை, கல்லீரலும் சரியில்லை

"குடிக்காறுண்டோ?"

குடிக்கிற பழக்கம் உண்டா என்று, வயிற்றில் ஜெல்லைத் தடவிக்கொண்டே ஸ்கேன் டாக்டர் மலையாளத்தில் கேட்டார். இல்லை என்றேன். கருவியை விலாவுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் அழுத்தி, திரையைப் பார்த்தபடி மறுபடி கேட்டார். "ஒட்டும் இல்லே?" கொஞ்சம்கூட இல்லை. "சேட்டன்டெ ஸ்தலம் எவிடெயா?" கொழிஞ்சாம்பாறை என்றேன். "ஆ..." என்று ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், அதோடு விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேரளம் முழுக்கப் போகும் கள்ளில் பெரும்பங்கு எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா தென்னந்தோப்புகளில்தான் இறங்குகிறது. விடியற்காலையில் கேன்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரிசையாகப் போகும். எங்கள் அப்பா வைத்த மரங்களில் நாற்பதைக் கள்ளிறக்கக் குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறோம். ஆனால் அப்பா ஒரு நாளும் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. எங்கள் வீட்டுக்குக் கள் என்றால் குத்தகைப் பணம், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்தது. கடைக்குத் திரும்பியதும் அதை மேசை இழுப்பறையில், பில் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். பார்த்தால் யார் நம்புவார்கள்? அண்ணன் பார்த்துவிட்டார். "கல்லீரல்னு எழுதறதுக்குப் பதிலா கள்ளீரல்னு எழுதிட்டாங்களாடா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். மலையாளத்தில் கல்லீரலுக்குக் கரள் என்று பெயர். ஆசையாகக் கூப்பிடுவதற்கும் 'கரளே' என்பார்கள். தமிழில் நமக்கு ஈரக்குலை நடுங்குவதோடு சரி.

நான் மருந்துக்கடைக்காரன். டி.ஃபார்ம் படித்துவிட்டு இருபத்தாறு வருடமாக இதே ஊரில் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் கேட்பார்கள், பாதிப் பேர் மலையாளத்தில். சீட்டு பாலக்காட்டிலிருந்தும் வரும், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி, கோயமுத்தூரிலிருந்தும் வரும். எந்தக் கையெழுத்தையும் படித்துவிடுவேன். என் ரிப்போர்ட்டைத்தான் படிக்கப் பிடிக்கவில்லை.

ஈரல் நோகும்போது இரத்தத்தில் ஏறும் நொதிகள் இரண்டு: எஸ்.ஜி.பி.டி. 81, எஸ்.ஜி.ஓ.டி. 46. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 148, டிரைகிளிசரைடு 238, மூன்று மாதச் சர்க்கரை 6.3. வயது 54, எடை 76 கிலோ. தொப்பை என்று சொல்லும்படி இல்லை, சட்டை பட்டனுக்குள் அடங்கும் வயிறுதான். நம் ஊர்க்காரர்களுக்கு இப்படித்தான் வரும். பார்வைக்கு ஒல்லி, உள்ளுக்குள் கொழுப்பு.

குடிக்காதவனின் சொல்லை நம்பாத கதை பழையது. 1980-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளின் கல்லீரல் திசுவைப் பற்றி எழுதினார்கள். பார்த்தால் குடிகாரர் ஈரல் மாதிரியே இருக்கிறது, ஆனால் குடிப்பழக்கம் இல்லை. மது சாராத கொழுப்பு அழற்சி என்று அதற்கு அவர்கள் பெயர் வைத்தார்கள். நோயின் பெயரிலேயே மதுவை இழுத்துவைத்து இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. 2023-ல்தான் பெயரை மாற்றினார்கள். இப்போது வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் நோய் என்ற பொருளில் எம்.ஏ.எஸ்.எல்.டி. என்கிறார்கள். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் இவற்றின் கூட்டாளி என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் ஸ்கேன் அறைக்கு அந்தச் சேதி வர நாளாகும் போலிருக்கிறது.

அப்புறம் கோயமுத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ரிப்போர்ட்டைப் புரட்டினார், ஈரலின் கொழுப்பையும் இறுக்கத்தையும் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னார். கொழுப்பு அளவு 291, இறுக்கம் 6.4. "தழும்பு விழல அண்ணா, கொழுப்புதான்" என்றார். சீட்டில் முதல் வரியில் ரோசுவாஸ்டாட்டின் 10 என்று எழுதினார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை.

எனக்குக் கை நடுங்காத குறை.

"மேடம், எஸ்.ஜி.பி.டி. 81 இருக்குங்க. இதுல ஸ்டாட்டினா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க மெடிக்கல்ஸ் வெச்சிருக்கீங்கன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்க."

"உங்க கடைக்கு வர்றவங்க எத்தனை பேர்கிட்ட இதைச் சொல்லியிருக்கீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கு ஊர் திரும்பியிருக்க மாட்டேன்.

எங்கள் பக்கம் ஸ்டாட்டினுக்குக் 'கொழுப்பு மாத்திரை' என்று பெயர். ராத்திரி மாத்திரை என்றும் கேட்பார்கள். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் மறக்காமல் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். "ஏனுங்க தம்பி, இது ஈரலுக்கு ஆகாதுங்களாமே?" என்று கேட்டால், "அப்படித்தானுங்க சொல்றாங்க, ஜாக்கிரதையா இருங்க" என்பேன். ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தவராக இருந்தால், "டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்திக்கலாம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துப் போடுவேன். அவர்கள் காதில் 'நிறுத்திக்கலாம்' மட்டும்தான் விழும். மிச்சப்படும் காசில் ஒரு பாட்டில் லிவர் டானிக் வாங்கிப் போவார்கள். அதில் எனக்கு லாபம் கூட. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

அப்படி நிறுத்தியவர்களில் ஒருவர் என் அண்ணன். அவருக்கும் ஃபேட்டி லிவர், அவருக்கும் என் வாய்தான் மருத்துவர். எட்டு மாதம் அட்டோர்வாஸ்டாட்டினைத் தொடவில்லை. 78-ல் இருந்த எல்.டி.எல். 161-க்குப் போனது. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு, அப்பா நெஞ்சுவலியில் போனவர். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்கு நான் காரணமில்லை.

நான் ஒன்றும் காற்றில் கதை கட்டிச் சொல்லவில்லை. முதல் ஸ்டாட்டினான லோவாஸ்டாட்டின் 1987-ல் சந்தைக்கு வந்தது. அடிக்கடி கல்லீரல் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அப்போதைய குறிப்புத்தாளில் இருந்தது. நாங்கள் படித்தபோது அதைத்தான் மனப்பாடம் செய்தோம். ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் ஏறும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். இயல்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போவது நூற்றில் ஒருவருக்கு நடந்தால் அதிகம். ஈரலையே கெடுக்கும் அளவுக்குப் போவது மிக மிக அபூர்வம். 2012 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, தொடங்கும் முன் ஒரு தடவை சோதித்தால் போதும், அப்புறம் அறிகுறி ஏதாவது தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று குறிப்புத்தாளையே மாற்றிவிட்டது. நான் கடை மேசைக்குப் பின்னால் நின்று அதற்கப்புறமும் பத்து வருடத்துக்கு மேல் பழைய குறிப்புத்தாளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்டாட்டின் பிறந்த கதையும் எனக்கு இப்போதுதான் தெரியும். ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்துப் பார்த்தார். கடைசியில் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் பொருள் கிடைத்தது, கியோட்டோவில் ஒரு தானியக்கடையிலிருந்து எடுத்த அரிசியில் படர்ந்த பூஞ்சையில். 1973-ல் நடந்தது. அவர் 2024 ஜூனில் காலமானார். அரிசி தின்று ஈரலில் கொழுப்பு ஏற்றிக்கொண்ட எனக்கு மருந்தும் அரிசியிலிருந்தே வந்திருக்கிறது!

டாக்டரிடம் நான் கேட்ட இரண்டாவது கேள்வி இன்னும் முட்டாள்தனமானது. ஆனால் கேட்டது நல்லது. ஸ்டாட்டின் இரத்தத்திலிருக்கும் கொழுப்பை ஈரலுக்குள்தானே இழுக்கிறது? அப்படியானால் ஈரல் இன்னும் நிரம்பிவிடாதா?

இரண்டும் வேறு கொழுப்பு என்றார். ஈரல் செல்லுக்குள் திவலை திவலையாகத் தங்குவது பெரும்பாலும் டிரைகிளிசரைடு. ஸ்டாட்டின் கைவைப்பது கொலஸ்ட்ராலில். ஈரல் தானாகவே கொலஸ்ட்ரால் செய்துகொள்ளும். அந்தச் செய்கூலிக்கு ஒரு நொதி வேண்டும், ஸ்டாட்டின் அதை மறிக்கிறது. உள்ளே சரக்கு குறைந்ததும் ஈரல், வெளியே இரத்தத்தில் போகும் எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்க அதிகக் கைகளை நீட்டுகிறது. இழுத்ததில் ஒரு பங்கு பித்தமாகிக் குடலுக்குப் போய்விடும். கொழுப்பு ஈரலில் தீங்கு செய்வது டிரைகிளிசரைடு மட்டுமில்லை. செல்லுக்குள் கட்டுப்படாமல் கிடக்கும் கொலஸ்ட்ராலும் அழற்சியைக் கிளப்பும், படிகமாகக்கூட உறையும். ஸ்டாட்டின் அந்த உற்பத்தியைக் குறைப்பதோடு அழற்சியையும் தணிக்கலாம், தழும்பு நெய்யும் செல்களைக் கொஞ்சம் தூங்கவைக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்வது.

'கலாம்' என்று முடிவதைக் கவனியுங்கள். அங்கேதான் நான் இடறிவிழப் பார்த்தேன். ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஒரே வாரத்தில் இதுதான் ஈரலுக்கு அமிர்தம் என்று விற்கத் தொடங்கிவிடக் கூடாது.

கைவசம் என்ன இருக்கிறது? 2010-ல் கிரேக்க நாட்டு ஆய்வு ஒன்று லான்செட் இதழில் வந்தது. இதய நோய் உள்ளவர்களில், ஈரல் அளவுகள் கொஞ்சம் ஏறியிருந்த 437 பேரைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் எடுத்த 227 பேருக்கு ஈரல் அளவுகள் மெல்ல இறங்கின. எடுக்காத 210 பேருக்கு ஏறின. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை எடுத்தவர்களில் 10 சதவீதம், எடுக்காதவர்களில் 30 சதவீதம். எந்த மாத்திரையை ஈரலுக்குப் பயந்து நான் நிறுத்தச் சொன்னேனோ, அதே மாத்திரை! ஆனால் அந்த ஆய்வு ஈரலைப் பார்ப்பதற்கென்று தொடங்கியதில்லை, முடிந்தபிறகு பிரித்துப் பார்த்த கணக்கு. 2015-ல் ஐரோப்பாவில் 1201 பேரின் ஈரல் திசுவைப் பார்த்த இன்னொரு ஆய்வில், ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் கொழுப்பும் அழற்சியும் தழும்பும் குறைவாக இருந்தன. ஒரு குறிப்பிட்ட ஜீன் மாற்றம் உள்ளவர்களிடம் மட்டும் அந்தப் பயன் அவ்வளவாகத் தெரியவில்லை. இதுவும் இருந்ததைப் பார்த்துச் சொன்னது, மாத்திரை கொடுத்துச் சோதித்துச் சொன்னதில்லை. கொழுப்பு ஈரலுக்கு மருந்து என்று எந்த ஸ்டாட்டினுக்கும் அனுமதி கிடையாது.

"பின்னே எதுக்குங்க எனக்கு எழுதறீங்க?" என்றேன்.

"ஃபேட்டி லிவர்காரங்க அதிகமா சாகறது லிவரால இல்ல அண்ணா. ஹார்ட்டால."

அதற்கு மேல் நான் கேள்வி கேட்கவில்லை.

இந்தக் 'கலாம்' வரிசையில் நம் நாட்டு மருந்து ஒன்றும் உண்டு. சாரோகிளிடசார். அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் நிறுவனம் கண்டுபிடித்தது. 2013-ல் அனுமதி கிடைத்தபோது ஸ்டாட்டினுக்கு அடங்காத டிரைகிளிசரைடு உள்ள சர்க்கரைக்காரர்களுக்கு என்றுதான் வந்தது. என் கடையில் கீழ் அலமாரியில் இரண்டு அட்டை கிடக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். 2020-ல் அதையே கொழுப்பு ஈரல் அழற்சிக்கும் கொடுக்கலாம் என்று இந்தியாவில் அனுமதித்தார்கள். அதிலிருந்து மேல் அலமாரிக்கு ஏறிவிட்டது. செல்லுக்குள் இரண்டு சாவிகளை ஒரே சமயத்தில் திருப்புகிற மாதிரி வேலை செய்யும். ஒன்று ஈரலைக் கொழுப்பை எரிக்கச் சொல்லும், இன்னொன்று இன்சுலின் பேச்சைக் கேட்கவைக்கும். அமெரிக்காவில் 106 பேரை வைத்து 16 வாரம் நடந்த சோதனை 2021-ல் வெளியானது. 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி. ஏறக்குறைய 46 சதவீதம் இறங்கியது, ஈரல் கொழுப்பு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு ஈரல் கொழுப்பு 4 சதவீதம் கூடியிருந்தது. நல்ல சேதிதான். ஆனால் 106 பேரும் 16 வாரமும் தழும்பைப் பற்றிச் சொல்லப் போதாது. தழும்பு விழ வருடக்கணக்கு ஆகும், கரையவும் அப்படித்தான். எனக்கு டாக்டர் அதை எழுதவில்லை. நானாக அலமாரியிலிருந்து எடுத்து விழுங்கவும் இல்லை. இருபத்தாறு வருட மருந்துக்கடைக்காரனுக்கு இது சின்னச் சாதனை இல்லை.

எனக்கு எழுதிய பெரிய மருந்து சீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. 'எடையில் 7 முதல் 10 சதவீதம்'. 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு இளகும், 7-க்கு மேல் அழற்சி அடங்கும், 10-ஐத் தொட்டால் பலருக்குத் தழும்பே பின்வாங்குகிறது என்றார். இந்த அளவுக்கு நிரூபணம் உள்ள மாத்திரை எதுவும் என் கடையில் இல்லை.

இங்கேதான் அரிசி வருகிறது. நான் எண்ணெயை மட்டும் குற்றவாளியாக வைத்திருந்தேன். 2005-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில், ஈரலில் சேரும் டிரைகிளிசரைடு எங்கிருந்து வருகிறது என்று அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். 59 சதவீதம் உடம்புக் கொழுப்பிலிருந்து இரத்தத்தில் கசிந்து வந்தது. 26 சதவீதம் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஈரலே கொழுப்பாக மாற்றியது. நேராகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். என் தட்டை நினைத்துப் பார்த்தேன். மத்தியானம் மட்டை அரிசிச் சோறு மலை மாதிரி. ராத்திரியும் சோறு. ஞாயிற்றுக்கிழமை எலப்புள்ளி பக்கம் போய் இராமசேரி இட்லி. மண் பானைமேல் துணி கட்டி வேகவைக்கும் அந்தத் தட்டை இட்லியைக் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுடுகிறார்கள். பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டு நான் ஆறு தின்பேன், கூட இரண்டு சொல்வேன்.

வீட்டில் ஒரு அளவு டம்ளர் வந்தது. மத்தியானம் மட்டும் சோறு, டம்ளர் மட்டத்துக்கு. ராத்திரி முட்டை, பயறு, காய். சாயந்திரம் கடையைத் தம்பி பையனிடம் விட்டுவிட்டு மூலத்தறைக் கால்வாய்ப் பக்கமாக நாற்பது நிமிட நடை. முதல் மாதம் எதிரில் வருகிறவர்களெல்லாம் "என்னாச்சுங்க, வண்டி ரிப்பேரா?" என்று நிறுத்திக் கேட்டார்கள்.

ஒரு வருடம் ஆனது. எடை 70.5. எஸ்.ஜி.பி.டி. 38. எல்.டி.எல். 72. ஃபைப்ரோஸ்கேன் கொழுப்பு அளவு 248. எதனால் இறங்கியது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. எல்.டி.எல். இறங்கியது மாத்திரையால், அதில் சந்தேகமில்லை. ஈரலைச் சரிசெய்ததில் மாத்திரைக்கும் பங்கிருக்கலாம், டம்ளருக்குப் பெரும்பங்கு என்பது என் கட்சி. டாக்டரிடம் சொன்னபோது "இருக்கட்டும், ரெண்டையும் விட்றாதீங்க" என்றார். மாத்திரை ஈரலைக் கெடுக்கவில்லை என்பது மட்டும் என் ரத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது.

வீட்டிலேயே ஒரு கணக்கும் கற்றுக்கொண்டேன். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். அதைத் தட்டணு எண்ணிக்கையால் (ஆயிரக்கணக்கில்) வகுத்து, மறுபடி எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஃபிப்-4 என்று பெயர். போன வருடம் எனக்கு 54-ஐ 46-ஆல் பெருக்கி, தட்டணு 228-ஆலும், 81-இன் வர்க்கமூலமான 9-ஆலும் வகுத்தால் 1.21. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. கடைக்கு ரிப்போர்ட்டோடு வருகிறவர்களுக்கு இப்போது பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டுகிறேன். மேலே போனால் டாக்டரிடம் அனுப்புகிறேன். காமாலை கண்டவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள், ஈரல் சுருங்கியவர்கள் வந்தால் ஸ்டாட்டின் பற்றி நான் வாயே திறப்பதில்லை. அவர்கள் கணக்கு வேறு, அது டாக்டர் வேலை. தசைவலி என்று சொல்பவர்களையும் திருப்பி அனுப்புகிறேன். லிவர் டானிக் இன்னும் விற்கிறேன், கேட்டால் மட்டும்.

நிறுத்தச் சொன்னவர்களில் முகம் ஞாபகமிருப்பவர்கள் பதினேழு பேர். சீட்டுத் தேடி, போன் நம்பர் தேடி, பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டேன். ஒன்பது பேர் மறுபடி டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்கியிருக்கிறார்கள். வேலந்தாவளம் மார்க்கெட்டில் காய் மண்டி வைத்திருக்கும் ஒரு மாமா மட்டும் "போன வருசம் வேண்டாம்னீங்க, இந்த வருசம் வேணும்ங்கறீங்க, அடுத்த வருசம் சொல்லுங்க, மொத்தமா முடிவு பண்ணிக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார். நியாயம்தான். நேரில் ஒரு தடவை போக வேண்டும்.

அண்ணன் அந்த வாரமே தொடங்கிவிட்டார். மாதாமாதம் அட்டையை வாங்க வரும்போது கடையில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவார். போன ஞாயிற்றுக்கிழமை இராமசேரிக்குப் போனோம். நான் இரண்டு இட்லியோடு இலையை மடித்தேன். அவர் நான்காவதைப் பொடியில் தோய்த்துக்கொண்டே, "நீ மாத்திரையை நிறுத்தச் சொன்னப்பவே கேட்டுட்டேன்டா, இட்லியை நிறுத்தச் சொன்னா கேக்கமாட்டேன்" என்றார்.